'போர் அடிக்குது' எங்கிருந்து வந்தது? தேடிப் பார்க்கும் முறை

பாகூர்ப் பக்கம் ஒரு தெருவில் நின்றால் மூன்று 'போர்' காதில் விழும். களத்தோரம் வைக்கோல் போர். கொல்லையில் போர் போட வந்த லாரி. திண்ணையில் செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு பையன் சொல்லும் 'போர் அடிக்குது'. எழுத்து ஒன்றுதான், சொல் ஒன்றல்ல.

அகராதியைத் தொடுவதற்கு முன் தொண்டையைத் தொடுங்கள். குரல்வளை மேல் இரண்டு விரலை வைத்து 'பால்', 'பஸ்' என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். 'பஸ்'ஸில் வாய் திறக்கும் முன்பே விரலுக்கடியில் அதிர்வு தெரியும். 'பால்' சொல்லும்போது உதடு பிரிந்த பிறகுதான் தெரியும். இப்போது வைக்கோல் போரையும் 'போர் அடிக்குது'வையும் சொல்லுங்கள். முன்னது பால் பக்கம், பின்னது பஸ் பக்கம். ஆழ்துளைக் கிணற்றுப் போரும் பஸ் பக்கமே. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும்: பஸ்ஸையே 'பால்' மாதிரி உச்சரிக்கும் பெரியவரிடம் இந்தச் சோதனை செல்லாது. ஆகையால் முதலில் 'பஸ்' சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு மேலே போங்கள். 'எனக்குப் போர் அடிக்குது' என்று அச்சில் வரும் ஒற்றையும் நம்பாதீர்கள். அது சந்தி விதிக்காகப் போட்டது, பேச்சில் பெரும்பாலும் வராது.

அடுத்தது வேற்றுமை. நெல்லைப் போரடித்தல் என்ற பழைய தொழில் உண்டு. கையால் கதிரடித்த பின்னும் தாளில் ஒட்டியிருக்கும் மணியை உதிர்க்க, வைக்கோலைக் களத்தில் பரப்பி மாடுகளைச் சுற்றிச் சுற்றி மிதிக்கவிடுவது. மாடு ஒரே வட்டத்தில் நடப்பதைப் பார்த்தால் சலிப்பு வரும், அதனால்தான் 'போர் அடிக்குது' என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் நிற்காது. தொழிலில் ஆள் எழுவாய்: 'அவர் போரடிச்சார்.' சலிப்பில் ஆளுக்குக் 'கு' ஒட்டும்: 'அவருக்குப் போர் அடிச்சுது.' பசிக்குது, குளிருது போல, ஆளின் விருப்பம் இல்லாமல் வந்து சேரும் நிலை இது. வெயில் அடிக்குது, காய்ச்சல் அடிக்குது என்பவற்றில் இருக்கிற அதே 'அடி'தான். 'படம் செம போர்' என்கிறோமே, அந்தப் பயன்பாடு களத்துச் சொல்லுக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் அக்கம்பக்கத்து மொழியைப் பாருங்கள். மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. மலையாளத்தில் 'போரடி'யை அதிரும் எழுத்தால் எழுதுவார்கள், சண்டையைக் குறிக்கும் 'போர்' அதிராத எழுத்து. தெலுங்கிலும் 'போர் கொடுதோந்தி'தான். அந்தக் 'கொட்டு'வும் அடித்தலே. ஆங்கிலச் சொல்லை எடுத்து நம் வினையை ஒட்டியிருக்கிறோம். ஆங்கிலத்தில் துளையிடும் 'போர்' மிகப் பழையது; சலிப்பு என்ற பொருள் 1760களில்தான் எழுத்தில் தென்படுகிறது. அதுவும் இதுவும் ஒரே வேரா என்பதை ஆங்கில அகராதிகளே உறுதியாகச் சொல்வதில்லை. ஆகவே 'மண்டையைத் துளைப்பதால் போர்' என்று முடிவுகட்டி எழுதிவிடாதீர்கள்.

அகராதிகளைக் காலவரிசையில் புரட்டுங்கள். புதுச்சேரியிலேயே 1855லும் 1862லும் இரண்டு தொகுதிகளாக அச்சான தமிழ்-பிரெஞ்சு அகராதி, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–36), கடைசியாக 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. லெக்சிகனில் ஒரே எழுத்துள்ள வெவ்வேறு சொற்களுக்கு மேலே சிறு எண் இருக்கும். முதல் பதிவோடு நிறுத்தாமல் எல்லா எண்ணையும் படியுங்கள். ஒரு சொல் அகராதியில் இல்லையென்றால் அப்போது வழக்கிலேயே இல்லை என்று பொருளாகாது. பேச்சுவழக்கு என்று விட்டிருக்கலாம்.

'போர் அடிக்குது' வருவதற்கு முன் என்ன சொன்னார்கள்? திருப்பாதிரிப்புலியூரிலோ பரங்கிப்பேட்டையிலோ எழுபது தாண்டியவர்களைக் கேளுங்கள். 'போருக்குத் தமிழ் என்ன' என்று கேட்டால் 'சலிப்பு' என்று பள்ளிப் பாடம் போலப் பதில் வரும், பயன்படாது. 'கரண்டு போயி சும்மா குந்திக்கிட்டு இருந்தா எப்படி இருக்கும் ஆயா?' என்று கேளுங்கள். 'பொழுதே போவல' என்று வரும். அதுதான் அந்த இடத்தில் இருந்த சொல். சலிப்பு வேறு, திரும்பத் திரும்ப வருவதால் உண்டாவது: தினமும் உப்புமா என்றால் சலிக்கும். அலுப்பு பெரும்பாலும் உடம்போடு சேர்ந்தது: நடவு நட்டு வந்தால் அலுப்பு. இந்த மூன்றையும் போர் ஒன்றே விழுங்கிவருவது வருத்தமான விஷயம். குறிப்பெடுக்கும்போது மூன்றையும் கலக்காதீர்கள்.

இருபது, முப்பது வாக்கியம் சேர்ந்தால் போதும். ஒரு சீட்டுக்கு ஒரு வாக்கியம், சொன்னபடியே. கீழே வயது, ஊர், சூழல். ஆளைப் பற்றிச் சொன்ன சொற்களைத் தனிக் கட்டாக வையுங்கள். பேசியே கொல்பவனுக்கு அறுவை, ரம்பம், பிளேடு, கடி என்று வெட்டுகிற சொல்லாகவே வரும். அதற்கப்புறம் மொக்கை வந்தது. கூர் மழுங்கிய அரிவாளையும் மொக்கை என்றுதான் சொல்கிறோம்.