காவிரித் தண்ணீரை ஆய்வுக்குப் பிடிப்பது எப்படி?

மாதம் ஒரு தடவை திருவையாற்றுப் பாலத்திலிருந்து தண்ணீர் பிடித்து ஜியாலஜிக்காரர்களுக்கு அனுப்புவது என் வேலை. அவர்களுக்கு வேண்டியது அதில் கரைந்திருக்கும் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கி லேசான அமிலமாகிறது. குடகிலும் மைசூர்ப் பக்கத்திலும் உள்ள பாறையை அது அரிக்க, அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிறது. வாயு பைகார்பனேட்டாகி, அதாவது நீரில் கரைந்த வடிவமாகி, கடலுக்குப் போகிறது.

படித்துறையில் பிடிக்காதீர்கள். சலவைத்தூளிலேயே கார்பனேட் இருக்கிறது. பாலத்தின் நடுவில், நீர் ஓடும் இடத்தில், கயிறு கட்டிய பிளாஸ்டிக் வாளியை இறக்குங்கள். முதல் வாளி வாளியைக் கழுவத்தான், கொட்டிவிடுங்கள். அப்புறம் 0.45 மைக்ரான் வடிகட்டி மாட்டிய சிரிஞ்சால் வடிகட்டுங்கள். புதுத்தண்ணீர் வரும் நாட்களில் வண்டல் அடைத்துக்கொண்டு கட்டைவிரல் வலித்துவிடும். நான் ஒரு வாரம் பொறுத்துத்தான் போவேன்.

பாட்டிலும் பிளாஸ்டிக்கே. கண்ணாடியில் சிலிக்கா இருக்கிறது, கணக்கில் கலந்துவிடும். வடிகட்டிய நீரால் மூன்று தடவை அலசி, இரண்டு பாட்டில் நிரப்புங்கள். சோடியம், கால்சியம், சிலிக்கா பார்க்கும் பாட்டிலில் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம். பைகார்பனேட் பாட்டிலில் அமிலம் படவே கூடாது. காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள்.

நான் ஒருமுறை பெயரை மூடியில் எழுதினேன். மூடிகள் மாறிப்போயின, அமிலமும் மாறி விழுந்தது. இருந்த பைகார்பனேட் எல்லாம் வாயுவாகப் பறந்துவிட, ஒரு மாத வேலை வீண். பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள்.

இரண்டு பாட்டிலும் எதற்கு என்கிறீர்களா? சுண்ணாம்புக்கல் கரைந்தாலும் பைகார்பனேட் வரும். ஆனால் அது கடலில் மறுபடி சுண்ணாம்பாகும்போது, காற்றிலிருந்து எடுத்த வாயுவைத் திருப்பிக் கொடுத்துவிடும். குடகில் இருப்பதுபோல் சிலிக்கா கலந்த சிலிகேட் பாறை எடுத்ததில் பாதி கடலடியிலேயே தங்கும். பூமி அளவுக்கு மீறிச் சூடாகாமல் லட்சக்கணக்கான வருடங்களாகப் பிடித்து வைத்திருப்பதில் இந்தப் பாதிக்குப் பெரிய பங்கு. சுண்ணாம்புக்கல்லிலிருந்து எவ்வளவு, சிலிகேட் பாறையிலிருந்து எவ்வளவு என்று சோடியத்தையும் சிலிக்காவையும் வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

கரையிலேயே பார்க்க ஆசையா? 50 மில்லி வடிகட்டிய நீரில், அமிலம் கூடினால் நிறம் மாறும் ப்ரோமோகிரிசால் கிரீன் என்ற சாயத்தை விட்டால் நீலமாகும். 0.02 நார்மல் (செறிவின் அளவு) சல்ஃபூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கிக்கொண்டே இருங்கள். நீலம் பச்சையாகி மஞ்சளுக்குத் திரும்பும்போது நிறுத்துங்கள். செலவான மில்லியை 24.4-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் பைகார்பனேட்.

பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வையுங்கள். நோட்டில் நேரம், தண்ணீரின் சூடு, அன்று கல்லணையில் காவிரிக்கு எத்தனை கன அடி விட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.