பியானோவில் சி மேஜர் ஸ்கேல் பழகும் முறை

பியானோ தொடங்குவோருக்கு, வெள்ளைக் கட்டைகளால் மட்டுமே அமைந்த சி மேஜர் ஸ்கேல்தான் பொதுவாக முதலில் கற்பிக்கப்படுகிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு அது சங்கராபரணத்தின் ஸ்வர வரிசையாகவே ஒலிக்கும். இரண்டு கருப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தின் இடப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டையே சி. அங்கிருந்து முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்ற இடைவெளிகளில் (அரை என்பது கருப்பு, வெள்ளை எதுவாயினும் அடுத்த கட்டை; முழு என்பது ஒரு கட்டை தாண்டி அடுத்தது) மேலே, அதாவது வலப்பக்கம், சென்றால் அடுத்த சி வந்துவிடும்.

உண்மையான சிரமம் ஐந்து விரல்களால் எட்டு ஸ்வரங்களைத் தடங்கலின்றி வாசிப்பதில்தான் இருக்கிறது. பெருவிரலை 1 என்றும் சுண்டுவிரலை 5 என்றும் கொண்டால், வலக்கை 1-2-3-1-2-3-4-5 என்ற வரிசையில் ஏற வேண்டும். நடுவிரல் மூன்றாவது ஸ்வரமான ஈ கட்டையை அழுத்தியிருக்கும்போதே, பெருவிரல் உள்ளங்கைக்கு அடியில் நகர்ந்து நான்காவதான எஃப் கட்டையின் மேல் தயாராக நிற்க வேண்டும். அப்போது முழங்கை வெளிப்பக்கம் தூக்கிக்கொண்டால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் உரத்து ஒலித்துவிடும். இறங்கும்போது நடுவிரல் பெருவிரலைத் தாண்டி ஈ கட்டைக்கு வரும். இடக்கை ஏறுவதற்கான வரிசை 5-4-3-2-1-3-2-1.

சீரான தட்டுகளால் வேகம் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என வைத்து, தட்டுக்கு ஒரு ஸ்வரமாக, முதலில் ஒவ்வொரு கையையும் தனியே பழகுவது நல்லது. விரல்கள் நீளத்திற்கேற்ப இயல்பாக அமர்வதால், பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான் தம் மாணவர்களுக்கு, கருப்புக் கட்டைகள் நிறைந்த பி மேஜரையே முதலில் கற்பித்தார். எனினும் கட்டைகளை நினைவில் கொள்வதற்குச் சி மேஜரே எளிது. அது சீராக வந்ததும், எஃப் ஷார்ப் என்ற ஒரே கருப்புக் கட்டையைக் கொண்ட ஜி மேஜரை அதே விரல் வரிசையில் தொடங்கலாம்.