காற்று எந்தப் பக்கம்? ஹைலேண்ட்ஸ் குளிர்கால வானிலைக் கணிப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜனவரியில், ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் இருக்கும் கெய்ர்ன்கோர்ம் பனிச்சறுக்கு மையத்துக் கார் நிறுத்துமிடத்தில் ஐந்து பேரைப் பார்த்தேன். தமிழ் காதில் விழுந்ததும் நின்று பேசினேன். லண்டனிலிருந்து இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்திருந்தார்கள். நல்ல ஜாக்கெட், நல்ல பூட்ஸ், ஃபிளாஸ்க்கில் டீ, எல்லாம் இருந்தது. "வெதர் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பாத்தோம் அண்ணா, மைனஸ் ஒண்ணுதான், மழையும் இல்ல" என்று ஒரு தம்பி ஃபோனைக் காட்டினான். திரையில் அவீமோர் ஊரின் பெயர், பாதிச் சூரியன், -1. காற்றைப் பற்றிய வரி அதற்குக் கீழே இருந்தது. அவன் விரல் அதுவரை போகவே இல்லை.

12 வருடங்களுக்கு முன் நானும் இதே இடத்தில் இப்படித்தான் நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பருத்திச் சட்டை போடாதீர்கள், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் சொல்லப்போவதில்லை. கணிப்பைத் திறந்து பார்த்த பிறகும் ஏன் மாட்டிக்கொள்கிறோம் என்பதுதான் என் கவலை.

ஊரின் கணிப்பை மலைக்கு எடுத்துக்கொள்வது

அவீமோர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 220 மீட்டரில் இருக்கிறது. கெய்ர்ன் கோர்ம் உச்சி 1,245 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஊரில் -1 என்றால் மேலே -7 அல்லது -8 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தக் கணக்கு எப்போதும் பொருந்தாது. பிரிட்டனில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை -27.2 டிகிரி. அது பிரேமாரில் 1895-லும் 1982-லும், ஆல்ட்னஹாராவில் 1995-லும் பதிவானது. இரண்டுமே பள்ளத்தாக்கு ஊர்கள். காற்றே இல்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் போய்ப் பள்ளத்தில் தேங்கிவிடும். அப்படிப்பட்ட காலையில் மேலே ஏற ஏற இதமாக இருக்கும். அதனால் மலைக்கென்றே வரும் கணிப்பைப் பாருங்கள். எம்.டபிள்யூ.ஐ.எஸ். என்ற மலை வானிலைத் தகவல் சேவையின் கணிப்பில் 900 மீட்டரில் எவ்வளவு குளிர், உறைநிலை எந்த உயரத்தில், காற்று நடப்பவரை என்ன செய்யும், உச்சி மேகமில்லாமல் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். வானிலை அலுவலகமான மெட் ஆபீசும் மலைக்கணிப்பு வெளியிடுகிறது.

40 என்றால் எந்த 40?

காற்றின் வேகம் மைலிலா, கிலோமீட்டரிலா என்று பாருங்கள். மணிக்கு 40 மைல் என்பது 64 கிலோமீட்டர்.

காற்றின் திசையை வரைபடத்தில் வைத்துப் பார்க்காதது

இந்தத் தவறை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. கணிப்பில் இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் சரியாகப் படித்துவிட்டு, அதற்கு மேல் யோசிக்காமல் விட்டதால் வந்த தவறு இது.

கணிப்பில் காற்று 'வடக்கு' என்று போட்டிருந்தால் அது வடக்கிலிருந்து வருகிறது என்று பொருள். நம் மொழியில் இதில் குழப்பமே கிடையாது. வாடை வடக்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. வரும் திசையை வைத்துத்தான் பெயர். ஆனால் ஃபோனில் பெரும்பாலான ஆப்கள் போடும் அம்புக்குறி காற்று போகும் பக்கத்தைக் காட்டும். வாடை அடிக்கும் நாளில் அம்பு தெற்கைப் பார்த்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத் தெற்குக் காற்று என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. கார் நிறுத்துமிடத்தில் நான் காற்று வரியைக் காட்டியபோது அந்தத் தம்பியும் அப்படித்தான் சொன்னான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நானும் ஒரு நண்பரும் பென் மக்டூயி போகக் கிளம்பினோம். 1,309 மீட்டர், பிரிட்டனின் இரண்டாவது உயரமான மலை. அந்தக் கார் நிறுத்துமிடத்திலிருந்து தெற்கு நோக்கி ஏறி, மேலே பரந்து கிடக்கும் மேட்டுநிலத்தில் தொடர்ந்து தெற்கே நடக்க வேண்டும். போய்வர ஏறக்குறைய 18 கிலோமீட்டர். கணிப்பு: வடக்குக் காற்று மணிக்கு 35 முதல் 40 மைல், 900 மீட்டரில் -6, பனிப்பொழிவு இல்லை, மேகம் உச்சிக்கு மேலே. இதை முந்தின இரவு நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்புக்குறியை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

காலை ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்கினோம். காற்று முதுகில். ஏற்றத்தில் யாரோ கைவைத்துத் தாங்குவது போல இருந்தது. மேட்டுநிலத்தில் நினைத்ததைவிட வேகமாக நடந்தோம். பன்னிரண்டு மணி தாண்டியதும் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். "காத்து ஒண்ணும் பெருசா இல்லையே" என்று நான் சொன்னேன். முதுகுப்பக்கம் காற்று வரும்போது குளிரே தெரியாது. முகம் காற்று படாமல் இருக்கும், தொப்பியும் பையும் மற்றதைத் தடுத்துவிடும்.

பன்னிரண்டரைக்குத் திரும்பினோம். முகம் வடக்கே பார்த்ததும் மூச்சு இழுக்க முடியவில்லை. கணிப்பில் பனிப்பொழிவு இல்லைதான். ஆனால் தரையில் கிடந்த பொடிப்பனி எல்லாம் காற்றோடு எழுந்து மணலை வாரி அடிப்பது போல முகத்தில் அறைந்தது. என் மூக்குக்கண்ணாடி ஐந்து நிமிடத்தில் உறைந்து மூடிக்கொண்டது. கழற்றினால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பனிக்கண்ணாடி காரில் இருந்தது. பனி பெய்யாது என்றுதானே போட்டிருக்கிறது என்று வைத்துவிட்டு வந்திருந்தேன். திசைகாட்டியைப் பார்க்க ஒவ்வொரு முறையும் இருவரும் திரும்பி நின்று குனிய வேண்டியிருந்தது. தொப்பிக் கயிற்றை இறுக்குவதற்காகக் கையுறையைக் கழற்றினேன், உள்ளுறை பறந்து போய்விட்டது. நண்பரின் கன்னத்தில் நாணயம் அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு, தோல் உறையத் தொடங்கியிருந்தது. தொட்டால் தெரிகிறதா என்று கேட்டேன், தெரியவில்லை என்றார். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு இருவரும் ஒரு பாறையின் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

அந்த மேட்டுநிலத்தின் வடக்கு ஓரம் செங்குத்தான பாறைச்சுவராக முடிகிறது. கீழே கோரி அன் ட்னெக்டா என்ற பள்ளம். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான் அடிக்கும். அது வாரக்கணக்கில் தள்ளிய பனி, அந்த ஓரத்தில் கூரைத் தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கார்னிஸ் என்பார்கள். அதற்கு அடியில் தரை இல்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வடக்கே நடக்கும் இரண்டு பேர் அந்த ஓரத்தை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தோம்.

போக மூன்று மணி நேரம், வர ஐந்தரை மணி நேரம். ஜனவரியில் அங்கே நான்கு மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். காரைத் தொட்டபோது ஆறு மணி. என் வலது கையில் இரண்டு விரல்கள் நான்கு மாதம் மரத்துக் கிடந்தன. அந்த நண்பர் அதற்குப் பிறகு குளிர்காலத்தில் மலைக்கு வரவே இல்லை. விரல் சரியாகிவிட்டது, இது மட்டும் ஆறவில்லை.

1,200 மீட்டரில் -8 டிகிரி, மணிக்கு 64 கிலோமீட்டர் காற்று என்றால் தோலுக்கு அது -20 போல இருக்கும். காலையிலும் அதே -20தான், மாலையிலும் அதே -20தான். காலையில் அதை முதுகு வாங்கிக்கொண்டது, மாலையில் முகம் வாங்கியது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முந்தின இரவு வரைபடத்தில் காற்றைப் பென்சிலால் அம்பு போட்டுவிடுவேன். வழியின் ஒவ்வொரு துண்டிலும் காற்று முகத்திலா, முதுகிலா, பக்கவாட்டிலா என்று குறித்துக்கொள்வேன். காலையில் எதிர்க்காற்று, மாலையில் முதுகுக்காற்று என்று வருகிற மாதிரி வழியைத் தேர்ந்தெடுப்பேன். காலையில் தாங்க முடியவில்லை என்றால் திரும்பிவிடலாம், காற்றே வீட்டுக்குத் தள்ளிவிடும். மாலையில் தாங்க முடியாவிட்டால் வேறு வழி கிடையாது. எதிர்க்காற்று 40 மைல் என்றால் அந்தத் துண்டுக்கு வழக்கமான நேரத்தைப்போல இரண்டு மடங்கு வைக்கிறேன்.

அப்புறம், முதுகில் காற்று வாங்கிக்கொண்டு போகும்போது அரை மணிக்கு ஒருமுறை நின்று, வந்த திசையைப் பார்த்து முழுதாக இரண்டு நிமிடம் நில்லுங்கள். கண்ணைத் திறந்து வைத்திருக்க முடிகிறதா? பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கிறதா? முடியவில்லை என்றால் அந்த இடத்திலிருந்தே திரும்பிவிடுங்கள்.

திசை நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது என்பதையும் பாருங்கள். காலையில் தென்மேற்கு, மதியம் ஒரு குளிர்முனை (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்ததும் வடமேற்கு என்று மாறுவது இங்கே சாதாரணம். தெற்கே போய்த் திரும்புகிறவருக்கு அப்போது இரண்டு பக்கமும் எதிர்க்காற்றுதான்.

சராசரி வேகத்தை மட்டும் பார்ப்பது

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 20 மைல் காற்றில் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தவர் 40 மைலில் தடுமாறுவது அதனால்தான். ஆளைத் தூக்கிப் போடுவது பெரும்பாலும் திடீரென்று வரும் வீச்சு. கணிப்பில் அதற்குத் தனி எண் இருக்கும். ஒடுங்கிய முகடுகளில் நடப்பதாக இருந்தால் நான் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவெடுக்கிறேன்.

கெய்ர்ன் கோர்ம் உச்சியில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் தானியங்கி வானிலை நிலையம் இருக்கிறது. கருவிகள் பனி மூடி உறைந்துவிடாமல் இருக்க, சூடாக்கப்பட்ட ஓர் உருளைக்குள் அவற்றை வைத்திருக்கிறார்கள். அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து அளந்துவிட்டு உள்ளே போய்விடும். 1986 மார்ச் 20 அன்று அந்த உச்சியில் மணிக்கு 173 மைல் வீச்சு பதிவானது. கருவியையே வெளியே விட்டுவைக்க முடியாத இடத்துக்குத்தான் நாம் போகிறோம்.

"பனி பெய்யாது" என்பதைப் "பனிச்சரிவு இருக்காது" என்று படிப்பது

வானத்திலிருந்து ஒரு துளி விழாத நாளிலும் காற்று ஒரு சரிவின் பனியை வாரிக்கொண்டு போய், மறுபக்கம் காற்று மறைந்த சரிவில் கொட்டிக்கொண்டே இருக்கும். பலகை போல இறுகிப் படியும் அந்தப் பனி, கீழே இருக்கும் பழைய பனியோடு ஒட்டியிருக்காது. ஆள் கால் வைத்தால் மொத்தமாக நழுவும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. வாடை அடித்தால் தெற்குப் பார்த்த சரிவு, தென்மேற்கு அடித்தால் வடகிழக்குப் பார்த்த சரிவு. அன்றைய காற்று மட்டும் போதாது, முந்தைய மூன்று நான்கு நாட்கள் எந்தப் பக்கம் அடித்தது என்றும் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் பனிச்சரிவுத் தகவல் சேவை குளிர்காலத்தில் ஆறு மலைப்பகுதிகளுக்குத் தினமும் அறிக்கை தருகிறது. லோகாபர், க்ளென்கோ, க்ரெக் மெகி, டொரிடன், வடக்கு கெய்ர்ன்கோர்ம்ஸ், தெற்கு கெய்ர்ன்கோர்ம்ஸ். எந்த உயரத்தில், எந்தத் திசைச் சரிவில் ஆபத்து என்று வட்டப்படம் போட்டே காட்டுவார்கள். வானிலைக் கணிப்பையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பூஜ்யம் டிகிரிக்கு நிம்மதி அடைவது

-5-இல் பனி உடையில் பட்டு உதிர்ந்துவிடும். +1-இல் மழையும் காற்றும் சேர்ந்தால் நனைத்து, பிறகு உறைய வைக்கும். எனக்கு இரண்டாவதுதான் பயம்.

எச்சரிக்கை இல்லை என்பதால் கிளம்புவது

மெட் ஆபீசின் மஞ்சள், ஆம்பர், சிவப்பு எச்சரிக்கைகள் ஊரில் மக்களுக்கு எவ்வளவு பாதிப்பு வரும், வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்துத் தரப்படுகின்றன. உச்சியில் 50 மைல் காற்று என்பது இங்கே குளிர்காலத்தில் சாதாரண நாள். அதற்கெல்லாம் வரைபடத்தில் நிறம் வராது.

போன வாரம் பார்த்த கணிப்பு

மறந்துவிடுங்கள். முந்தின மாலை ஒருமுறை, கிளம்பும் காலை ஒருமுறை.

திரும்பும் சாலையை மறப்பது

மலையில் காற்றைச் சமாளித்துவிட்டுக் காரில் ஏறிய பிறகு சாலை மூடியிருக்கும். ஏ93 சாலை கெய்ர்ன்வெல் கணவாயில் 670 மீட்டர் வரை ஏறுகிறது. ஏ939 லெக்ட் பக்கம் 637 மீட்டர். இரண்டிலும் பனிக்கதவுகள் உண்டு, பொடிப்பனி பறக்கத் தொடங்கினால் மூடிவிடுவார்கள். அந்த ஐந்து பேரும் அன்று உச்சிக்குப் போகவில்லை, க்ளென்மோர் காட்டுக்குள் பச்சை ஏரி வரை நடந்துவிட்டு வந்தார்கள். மாலையில் லெக்ட் வழியாகப் போகலாமா என்று கேட்டார்கள். கதவு மூடியிருந்தது, ஏ9 பிடித்துப் போகச் சொன்னேன்.