பறவையின் அலகுக்கு முன்னால் ஒரு கோடு

பறவையின் 8 படங்களை வரிசையாக அடுக்கிய ஸ்பிரைட் ஷீட். ஒவ்வொன்றும் 50 பிக்சல் அகலம். வலைப்பக்கத்தில் ஒரு படம் மட்டும் தெரியும் பெட்டி வைத்து, அதன் பின்னணியாக ஷீட் நிற்கும் இடத்தை (பேக்ரவுண்ட் பொசிஷன்) ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு முறையும் 50 பிக்சல் நகர்த்திப் பறவையைப் பறக்கவிட்டேன். என் மானிட்டரில் அருமையாகப் பறந்தது. தம்பியின் லேப்டாப்பில் மட்டும் அலகுக்கு முன்னால் மெல்லிய கறுப்புக் கோடு மின்னி மின்னி மறைந்தது.

பிஎன்ஜி படக் கோப்பில்தான் பிசிறு என்று நினைத்து மறுபடி ஏற்றுமதி செய்தேன். கோடு போகவில்லை. குறித்த இடைவெளியில் ஓடும் செட் இன்டர்வெலை விட்டு, திரை புதுப்பிக்கப்படும் நேரத்தோடு சேர்ந்து ஓடும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேமுக்கு மாறினேன். அசைவு சீரானது, கோடு அப்படியே. படத்தைப் பெரிதாக்கும்போது மழுப்பாமல் காட்டும்படி இமேஜ் ரெண்டரிங்கை பிக்சலேட்டட் ஆக்கியதும் கோடு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மூன்று நாள் போனது.

அப்புறம் அனிமேஷனை நிறுத்தி ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். கோடு 2, 4, 6, 8 ஆகிய படங்களில் மட்டும் வந்தது. ஒன்றுவிட்டு ஒன்று! அதுதான் துப்பு. அந்த லேப்டாப்பில் விண்டோஸ் டிஸ்ப்ளே ஸ்கேலிங் (திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) 125 சதவீதம். 50 பிக்சல் அங்கே 62.5 ஆகிறது; இரண்டாவது படம் அரைப் பிக்சலில் தொடங்குகிறது, மூன்றாவது 125ஆவது பிக்சலில் சரியாக உட்காருகிறது. அரைப் பிக்சலில் பக்கத்துப் படத்தின் வால் நுனி எட்டிப் பார்த்திருக்கிறது.

ஷீட்டில் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் 2 பிக்சல் வெற்றிடம் விட்டு, நகர்த்தும் அளவை 52 ஆக்கினேன். பெட்டியின் அகலம் 50தான். கோடு போயே போய்விட்டது. பிரவுசர் ஜூமை 90, 110, 150 என்று மாற்றியும் பார்த்துவிட்டேன், வரவில்லை.