பாலிக்கு எரிமலை ஏறப் போறீங்களா? நாங்க பண்ண கூத்தை நீங்க பண்ணாதீங்க

தண்டையார்பேட்டையில பொறந்து வளந்தவனுக்கு மேடுன்னா பேசின் பிரிட்ஜ் மேம்பாலம்தான், அதுல எறங்காம சைக்கிள் மிதிச்சு ஏறிட்டாலே அன்னிக்கு கெத்து. அப்படிப்பட்ட நாலு பேரு, நானு, மாமா பையன், காசிமேட்டு ஃப்ரெண்ட் ஒருத்தன், வியாசர்பாடி ஃப்ரெண்ட் ஒருத்தன், பாலிக்கு போனோம். வந்ததுலேர்ந்து எல்லாரும் பாலிக்கு போறவங்க எடுத்துக்குற அந்த ஊஞ்சல் போட்டோ எங்க, ஊஞ்சல் போட்டோ எங்கன்னுதான் கேக்குறாங்க. நாங்க போனது எரிமலை ஏற, கடலுக்குள்ள டைவ் அடிக்க. அதுல எங்கெல்லாம் பேஜாராச்சுன்னு ஒருத்தரும் கேக்கல, அதான் நானே எழுதுறேன்.

முதல் தப்பு வீட்லயே ஆயிடுச்சு. அஞ்சு நாள் பிளான். முதல் நாள் ராத்திரியே பாத்தூர்ங்குற எரிமலை, ஏன்னா லீவு கம்மி. ஆனா கணக்கு போட்டு பாருங்க, பாலி நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. சூரிய உதயம் பாக்கணும்னா விடிகாத்தால 2 மணிக்கு வண்டி வந்து நிக்கும், அது நம்ம ஊர் டைம்க்கு ராத்திரி பதினொன்றரை. சரி சீக்கிரம் தூங்குவோம்னு அங்க 8 மணிக்கு படுத்தா உடம்புக்கு அப்போ சாயங்காலம் அஞ்சரைதான், டீ குடிக்கிற நேரத்துல எவனுக்கு தூக்கம் வரும்? ஒருத்தன் கண்ணும் மூடல. தூங்காத நாலு பேரு, ஃபிளைட் மாற கோலாலம்பூர்ல அரை நாள் குந்தியிருந்த அசதி வேற, அதோட இருட்டுல மலை. மலைக்கு முன்னாடி ஒரு நாளாவது சும்மா இருங்க.

அடுத்தது டைவிங். இதை மட்டும் கொஞ்சம் நின்னு படிங்க, ஏன்னா இது உயிர் விஷயம். பாலியோட கெழக்குப் பக்கம் துலாம்பென்னு ஒரு ஊரு, கரையிலேர்ந்து அப்படியே நடந்து தண்ணிக்குள்ள போனா லிபர்ட்டின்னு ஒரு அமெரிக்க கப்பல் கெடக்கு. 1942 ஜனவரியில ஜப்பான் நீர்மூழ்கி டார்ப்பிடோ விட்டு அடிச்ச கப்பல், அதை இழுத்துட்டு வந்து கரையில போட்டுட்டாங்க, அப்புறம் 1963ல ஆகுங் எரிமலை வெடிச்சப்போ வந்த அதிர்வுல அது சரிஞ்சு கடலுக்குள்ள போயிடுச்சு. எரிமலையே கப்பலை தள்ளிவிட்ட இடம், அதை பாக்காம வர முடியுமா. அதனால எங்க அடுத்த பிளான், பகல்ல ரெண்டு டைவ், அன்னிக்கு ராத்திரியே பாத்தூர் பக்கத்துல கிண்டாமணின்னு இருக்குற மலை ஊருக்கு போய் தங்குறது. டைவ் மாஸ்டர்தான் பேச்சுவாக்குல கேட்டாரு, இங்கேர்ந்து எங்க போறீங்கன்னு. சொன்னோம். மனுஷன் சிரிக்கவே இல்ல.

விஷயம் இதுதான். தண்ணிக்கு அடியில அழுத்தம் ஜாஸ்தி, சிலிண்டர்லேர்ந்து மூச்சு விடும்போது நைட்ரஜன் ரத்தத்துலயும் சதையிலயும் கரைஞ்சிடும். மேல வந்தப்புறம் அது மெதுவா வெளிய போகணும். அதுக்குள்ள அழுத்தம் கம்மியான இடத்துக்கு போனீங்கன்னா, கோலி சோடாவுல கோலியை அழுத்தின உடனே பொங்குதே அந்த மாதிரி உடம்புக்குள்ள குமிழி கட்டும், மூட்டு வலியில ஆரம்பிச்சு கை கால் இழுக்குற வரைக்கும் போகும். ஃபிளைட்டுக்கு முன்னாடி டைவ் பண்ணக்கூடாதுன்னு பல பேருக்கு தெரியும், மலையும் அதே கணக்குதான்னு தெரியாது. பாத்தூர் உச்சி 1,717 மீட்டர். உச்சிக்கு கூட போக வேணாம், கார்ல கிண்டாமணி ரோடு ஏறினாலே ஆயிரம் மீட்டருக்கு மேல. ஒரு டைவுக்கு மேல பண்ணியிருந்தா, ஒரே நாள்லயோ பல நாள்லயோ, கொறஞ்சது 18 மணி நேரம், முடிஞ்சா 24 மணி நேரம் கீழயே இருங்க. மலை மொதல்ல, கடல் அப்புறம், கடைசி நாள் சும்மா. எங்களுக்கு கிண்டாமணி ரூம் அட்வான்ஸ் போச்சு, போனா போகட்டும்.

குளிருக்கு வருவோம். பாலின்னா பீச்சு, பீச்சுன்னா அரைக்கால் டவுசர், அதானே நம்ம நெனப்பு? ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா 6 டிகிரி கொறையும். மேல விடிகாத்தால 10 டிகிரி பக்கம் வரும், காத்து அடிச்சா இன்னும் மோசம், அதுவும் ஏறி வேர்த்த பனியன் நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும்போது. மார்கழியில மப்ளர் கட்டுற ஊர்க்காரங்க நம்ம, நமக்கு அது தாங்காது. ஒரு காத்து தடுக்குற ஜாக்கெட், மாத்திக்க ஒரு காஞ்ச டீ ஷர்ட், நெத்தியில கட்டுற டார்ச். போன் டார்ச் வேணாம், ரெண்டு கையும் காலியா இருக்கணும்.

ஷூ. மாமா பையன் கெளம்புறதுக்கு மொத நாள் எம்.சி. ரோட்டுல புது ஷூ வாங்கினான், அட்டைப் பெட்டியோட பெட்டியில வெச்சுட்டு வந்தான், மலையிலதான் மொத தடவை போட்டான். எரிமலை மண்ணு நம்ம ஊர் மண்ணு கெடையாது, சிமென்ட் வேலை நடக்குற எடத்துல கொட்டி வெச்ச ஜல்லி மேல ஏறுற மாதிரி இருக்கும், ஒரு அடி வெச்சா அரை அடி சறுக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும் அவ்ளோதான், எறங்கும்போதுதான் கத. வெரலு பூரா ஷூ முனையில போய் இடிக்கும். அவனுக்கு ரெண்டு கட்டை வெரல் நகமும் கறுத்து விழுந்துடுச்சு. கொறஞ்சது மூணு வாரம் போட்டு நடந்த ஷூவா இருக்கணும், நகம் வெட்டியிருக்கணும். நடந்து பழக நம்ம ஏரியாவுல மேடு இல்லையேன்னா திருத்தணி படி இருக்கு, நாலு ஞாயித்துக்கெழமை போயி ஏறி எறங்குங்க, எறங்குறதைத்தான் நெறைய பழகணும்.

எந்த மாசம் போறதுன்னும் பாக்கணும். அங்க மழை சுமாரா நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும், பொங்கல் லீவுல போனா நனைஞ்சுட்டுதான் வரணும், மலை மேல மேகம் மூடிட்டா பக்கத்துல நிக்கிறவனே தெரிய மாட்டான். ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் காஞ்ச காலம், நம்ம ஸ்கூல் லீவுக்கு சரியா வரும். பெரும்பாலும் மார்ச்ல நியெப்பின்னு ஒரு நாள் வரும், அன்னிக்கு ஊரே அடங்கிடும், ஏர்போர்ட்டு 24 மணி நேரம் மூடிடுவாங்க, டிக்கெட் போடும்போது தேதி பாத்துக்கோங்க.

இப்போ எரிமலை. நெறைய பேரு அதை ஒரு சீனரின்னு நெனச்சுக்குறாங்க, உள்ள உசுரோட இருக்குற ஐட்டம் அது. இந்தோனேசியாவுல எரிமலை ஆபத்துக்கு நாலு லெவல் வெச்சிருக்காங்க, கீழேர்ந்து மேல நார்மல், வாஸ்படா, சியாகா, ஆவாஸ். மாக்மா இந்தோனேசியான்னு அரசாங்க சைட்டுல தெனமும் போடுவாங்க, கெளம்புற அன்னிக்கு காலையில பாருங்க, டூர்காரன் சொல்றதை மட்டும் நம்பாதீங்க. 2017 செப்டம்பர்ல ஆகுங்கை நாலாவது லெவலுக்கு ஏத்தினாங்க, லட்சத்துக்கு மேல ஜனங்களை காலி பண்ண வெச்சாங்க, ஒரு மாசம் ரெண்டு மாசம் ஒண்ணும் ஆகல, சும்மா பூச்சாண்டின்னு பேச ஆரம்பிச்சப்போ நவம்பர்ல சாம்பல் கக்குச்சு, ஏர்போர்ட்டே மூடிட்டாங்க. வேற தீவுல வெடிச்சாலும் நமக்கு அடி விழும்: 2024 நவம்பர்ல ஃபுளோரெஸ் தீவுல லெவோடோபி எரிமலை வெடிச்சதுக்கு பாலி ஃபிளைட்டு நெறைய கேன்சல். எரிமலை சாம்பல் அடுப்பு சாம்பல் மாதிரி கெடையாது, பொடிக் கண்ணாடி, இன்ஜினுக்குள்ள போனா உருகி ஒட்டிக்கும். அதனால திரும்பி வந்த மறுநாளே ஆபீஸ்னு வெச்சுக்காதீங்க, ஒரு நாள் கையில இருக்கட்டும். கோலாலம்பூர் வரைக்கும் ஒரு டிக்கெட்டு, அங்கேர்ந்து தனி டிக்கெட்டுன்னு மிச்சம் பிடிக்கப் போனீங்கன்னா, ஒண்ணு லேட்டானா இன்னொண்ணு போச்சு.

எங்க வியாசர்பாடிக்காரன் ஈஜென் எரிமலைக்கு போறப்போ ஒரு டயலாக் விட்டான். ஈஜென் பாலியில இல்ல, ஃபெர்ரி புடிச்சு ஜாவா போகணும், அங்க ராத்திரியில நீலமா நெருப்பு எரியும். அது லாவா இல்ல, கந்தக வாயு பத்திக்கிட்டு எரியறது. கீழ இருக்குற ஏரித் தண்ணி பேட்டரி ஆசிட்டு மாதிரி. மாஸ்க் வாடகைக்கு தர்றாங்க, இவன் வேணான்னுட்டான், நாங்கெல்லாம் மணலி ஃபேக்டரி காத்துல வளந்தவங்க, கந்தகம் இன்னா பண்ணிடும்னான். காத்து ஒரு தடவை திரும்புச்சு, அவ்ளோதான், கண்ணுல தண்ணி, தொண்டை எரிச்சல், பத்து நிமிஷம் இருமிக்கிட்டே குந்திட்டான். வீசிங் இருக்குறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

பாத்தூர் ஏறிட்டோம், ரிஞ்சானியும் ஏறிடலாம்னு நெனக்கிறதும் தப்பு. அது பக்கத்துத் தீவு லொம்போக்ல, 3,726 மீட்டர், ரெண்டு மூணு நாள் டென்ட் போட்டு ஏறுறது. 2025 ஜூன்ல பிரேசில்லேர்ந்து வந்த ஒரு பொண்ணு அங்க சறுக்கி விழுந்து, மீட்புக்காரங்க கிட்ட போகவே நாள்கணக்கா ஆயி, உயிரோட மீட்க முடியல. இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தாலும் எத்தனை மீட்டர் வரைக்கும் ட்ரெக்கிங் கவர் ஆகும்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, அதைப் படிங்க.

கடல்ல எங்க காசிமேட்டுக்காரன்தான் உஷார். அலை தெரியாத எடத்துல எறங்க மாட்டேன்னு ஒரே புடியா நின்னான். எரிமலை கரை சட்டுன்னு ஆழமாயிடும், நூசா பெனிடான்னு பக்கத்துல இருக்குற தீவுகிட்ட நீரோட்டம் வேற பயங்கரம், அந்த ஊர் ஆளு சொன்னாதான் எறங்கணும்னுட்டான். வடையும் மீனும் மாதிரி கடலும் நமக்கு பழக்கம்னு நாங்கதான் சீன் போட்டோம்.

மத்ததெல்லாம் சின்ன சின்னது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தா இன்டர்நேஷனல் பெர்மிட்டுல டூ வீலர் இருக்கணும், கார் மட்டும் இருந்தா ஆக்சிடென்ட்ல இன்ஷூரன்ஸ் கைவிரிச்சிடும். ஊலுவாத்து கோயில்ல கொரங்கு கண்ணாடியை புடுங்கும், புடுங்கினா விட்டுடுங்க, சண்டை போடாதீங்க, பாலியில 2008லேர்ந்து ரேபிஸ் இருக்கு, கீறல் பட்டாலும் சோப்பு போட்டு கழுவிட்டு அன்னிக்கே ஊசி. லட்ச ரூப்பியா நோட்டு நம்ம காசுக்கு சுமாரா ஐநூறு சொச்சம்தான், பத்தாயிரம் நோட்டோட ஒரு சைபர்தான் வித்தியாசம். மாமா பையன் எளநிக்கடையில அதை மாத்தி குடுத்துட்டான், கடைக்கார அம்மா பின்னாடியே ஓடி வந்து திருப்பி குடுத்தாங்க.