கையால் வடிக்கும் காப்பிக் கடைக்கு முதல் தடவை போகிறீர்களா?

நீலகிரியில் எங்கள் பந்தலூர், சேரம்பாடி, எருமாடு பக்கம் நிறைய வீடுகளில் காப்பிச் செடி உண்டு. டிசம்பர் பிறந்தால் பழம் பறிப்பு. அப்புறம் களத்தில் காயப்போட்டு, கிளறிவிட்டு, மூட்டை கட்டி வியாபாரிக்குப் போடுவோம். இத்தனை வருடம் இதையே செய்தும், நம் காப்பிக்கு என்ன ருசி என்று நம்மில் பலருக்குத் தெரியாது. வீட்டில் சிக்கரி கலந்த தூள். கடையில் பாலும் சர்க்கரையும். காப்பி அதற்கடியில் எங்கோ இருக்கும்.

எல்லை தாண்டி கேரளத்தின் வயநாட்டுக்குள் போனால், கொட்டையைக் கண் முன்னால் எடை போட்டு, அரைத்து, கையால் வடித்துத் தரும் கடைகள் இப்போது வந்திருக்கின்றன. 'ப்ரூ பார்' என்று பலகை இருக்கும். நாற்பது வருடம் காப்பி பறித்த என் அப்பாவை அப்படி ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முதல் தடவை போகிறவர் இந்த வரிசையில் போனால் போதும்.

1. நேரம் பார்த்துப் போங்கள்

கூட்டம் இல்லாத நேரம் நல்லது. காலைப் பலகாரம் முடிந்து பதினொரு மணிக்குள் போனால் வடிப்பவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். வெறும் வயிற்றில் போக வேண்டாம். காரசாரமாகச் சாப்பிட்ட கையோடும் போக வேண்டாம், நாக்கு மரத்திருக்கும். சென்ட் அடிப்பதை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். இந்தக் காப்பியில் பாதி ருசி மூக்கில்தான் இருக்கிறது.

2. மேசையில் உட்காராதீர்கள்

வடிக்கும் மேடைக்கு எதிரில் உயரமான ஸ்டூல் போட்டிருப்பார்கள். அதில் உட்காருங்கள். "எனக்கு இது முதல் தடவை" என்று சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை, அதைக் கேட்டதும் இவர்கள் முகம் மலர்கிறது. எங்களுக்கு வடித்த பெண் அப்பாவிடம், "அங்கிள் கட்டன் குடிக்குமோ?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். கட்டன் குடித்துப் பழகியவருக்கு இது பெரிய தாவல் இல்லை. பால் இல்லாத காப்பி, அவ்வளவுதான்.

விலை தேநீர்க் கடை விலை அல்ல. நாங்கள் குடித்த கோப்பை 220 ரூபாய். ஒன்று வாங்கி இரண்டு சின்னக் கோப்பையில் ஊற்றித் தரச் சொன்னால் தருவார்கள். முதல் தடவைக்கு அதுவே போதும்.

3. அட்டையைப் படிப்பது

புதியவர் மிரள்வது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடையில் இருக்கும் காப்பிகளின் பட்டியல்தான் இந்த அட்டை. அதில் ஒவ்வொரு காப்பிக்கும் நேராகத் தோட்டம், உயரம், ரகம், பதப்படுத்திய முறை, வறுத்த தேதி என்று போட்டிருக்கும்.

ரகம் என்றால் முதலில் அராபிகாவா ரோபஸ்டாவா என்பது. பொதுவாக ஆயிரம் மீட்டருக்கு மேல் அராபிகா, அதற்குக் கீழே ரோபஸ்டா. நம் பக்கமும் வயநாட்டிலும் பெரும்பாலும் ரோபஸ்டாதான். அராபிகாவைவிட அதில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரோபஸ்டா என்றால் மட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்ப வேண்டாம். வயநாடு ரோபஸ்டாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ருசி பார்ப்பவர்கள் நூற்றுக்கு எண்பதும் அதற்கு மேலும் மதிப்பெண் தரும் காப்பியைத்தான் ஸ்பெஷாலிட்டி என்கிறார்கள். நன்றாகப் பழுத்ததை மட்டும் பறித்துப் பக்குவமாகக் காயவைத்த ரோபஸ்டாவும் அந்த எண்பதைத் தாண்டும்.

பதப்படுத்திய முறையில் மூன்று சொல் அடிக்கடி வரும். 'வாஷ்டு' என்றால் தோலையும் வழவழப்பான சதையையும் நீக்கிக் கழுவிக் காயவைத்தது. ருசி தெளிவாக, லேசான புளிப்போடு இருக்கும். 'ஹனி' என்றால் தோலை உரித்து, அந்த வழவழப்போடு காயவைத்தது. தேன் எதுவும் சேர்ப்பதில்லை. 'நேச்சுரல்' என்றால் பழத்தை முழுசாக அப்படியே வெயிலில் காயவைத்தது.

கடைசியைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது நம்ம களத்துல போடுறதுதானே?" அதேதான். ஒரே வித்தியாசம், நாம் கொப்போடு உருவும்போது பச்சை, செங்காய், பழம் எல்லாம் ஒன்றாக வரும். இவர்கள் சிவந்த பழத்தை மட்டும் பறித்து, மெல்லிசாகப் பரப்பி, ஒரு நாளில் பலமுறை கிளறிவிடுகிறார்கள்.

ஆரஞ்சு, வெல்லம், பலாப்பழம் என்றெல்லாம் எழுதியிருப்பது மேலே சேர்த்த எசென்ஸ் அல்ல. குடித்தவருக்கு அது நினைவுக்கு வந்தது என்று பொருள். உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் அதுவும் சரிதான்.

4. எதில் வடிப்பது

முதல் தடவை வி60 கேளுங்கள். ஜப்பானின் ஹாரியோ நிறுவனம் செய்வது. 60 பாகை கூம்பு, உள்ளே சுருள் சுருளாக வரிகள், அடியில் ஒரே பெரிய ஓட்டை. காப்பி தெளிவாக இறங்கும். கெமெக்ஸ் இன்னும் தடித்த ஃபில்டர் பேப்பரில் வடிப்பது, இன்னும் லேசாக இருக்கும். கெட்டியாக வேண்டும் என்பவருக்கு, தூளை வெந்நீரில் ஊறவிட்டுச் சல்லடையை அமுக்கி இறக்கும் ஃபிரெஞ்ச் பிரஸ். மீதியை அடுத்தடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

5. பேசாமல் பாருங்கள்

கொட்டையை 15 கிராம் நிறுத்து, அப்போதே அரைப்பார்கள். அரைத்த தூளை முகர்ந்து பார்க்க நீட்டுவார்கள். நீட்டாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஃபில்டர் பேப்பரை வெறும் வெந்நீரால் நனைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். பேப்பர் வாடை போவதற்காகவும் கூம்பு சூடாவதற்காகவும் அது.

கெட்டிலின் மூக்கு கிண்டியின் மூக்கைப் போல மெலிந்து இருக்கும். தண்ணீர் 92இலிருந்து 96 டிகிரிக்குள். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும், 30இலிருந்து 45 கிராம் தண்ணீர் ஊற்றி நிறுத்துவார்கள். இந்த இடத்தில் குனிந்து பாருங்கள். தூள் மூச்சு விடுவது போல மெல்ல மேலே உப்பும். குமிழ் வந்து உடையும். நடுவில் லேசாக வெடிக்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு வெளியேறுகிறது. புதிதாக வறுத்ததானால் நன்றாக உப்பும், பழசானால் சேறு மாதிரி அப்படியே கிடக்கும். இந்த வாயு போனால்தான் தண்ணீர் தூளுக்குள் ஒழுங்காக இறங்கும். அதற்காகத்தான் அந்த அரை நிமிடக் காத்திருப்பு.

அப்புறம் வட்டம் வட்டமாக, நிறுத்தி நிறுத்தி, மொத்தம் 250 கிராம் வரை ஊற்றுவார்கள். மூன்று நிமிடத்தை ஒட்டி முடியும். சீக்கிரம் இறங்கிவிட்டால் காப்பி வெடுக்கென்று புளிக்கும். ரொம்ப நேரம் தங்கினால் கசந்து நாக்கைப் பிடிக்கும். அதனால்தான் தராசும் கடிகாரமும். ஊற்றும்போது அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். கேள்வியெல்லாம் வடித்து முடித்த பிறகு.

6. ஆறட்டும்

இதுதான் முக்கியம். நாம் காப்பியை ஆவி பறக்கக் குடித்தே பழகியவர்கள். இதை அப்படிக் குடித்தால் சூடும் கசப்பும் மட்டும்தான் தெரியும், காசு வீண்.

கோப்பை வந்ததும் முகர்ந்துவிட்டு வையுங்கள். ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து முதல் வாய், சர்க்கரை இல்லாமல். கொஞ்சம் சத்தம் வர உறிஞ்சினாலும் தப்பில்லை, ருசி பார்ப்பவர்களும் அப்படித்தான் உறிஞ்சுகிறார்கள். வெதுவெதுப்பாக ஆன பிறகு இரண்டாவது வாய். கிட்டத்தட்ட ஆறியபின் கடைசி வாய். மூன்றும் மூன்று காப்பி போல இருக்கும். ஆற ஆறத்தான் இனிப்பும் பழ வாசமும் தலை காட்டும்.

அப்பா முதல் வாய்க்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாய்க்குக் கோப்பையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். "காயப்போட்ட மூணாம் நாள் களத்துல ஒரு வாசம் வரும்ல, அது இதுக்குள்ள இருக்கு" என்றார். அட்டையில் எழுதியிருந்த எந்தப் பழத்தின் பெயரையும்விட எனக்கு அதுதான் சரியாகப் பட்டது.

7. பிடிக்கவில்லை என்றால்

சொல்லுங்கள். 'நல்லா இல்லை' என்று நிறுத்தாமல், புளிக்கிறதா, கசக்கிறதா, தண்ணியாக இருக்கிறதா என்று சொன்னால் அரவையை மாற்றியோ வேறு கொட்டையைப் போட்டோ அடுத்ததைத் தருவார்கள். பாதி குடித்த பிறகு சர்க்கரை வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

8. பொட்டலம்

குடித்தது பிடித்திருந்தால் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். வறுத்த தேதி கட்டாயம் இருக்க வேண்டும். வறுத்து ஒரு வாரம் ஆனதிலிருந்து ஒரு மாதத்துக்குள் குடித்து முடிப்பது நல்லது. வீட்டில் வி60 இல்லையா? நம் பித்தளை ஃபில்டருக்கு என்று சொல்லி அரைத்து வாங்கலாம். டிகாஷனில் பால் விடாமல் வெந்நீர் கலந்து குடித்துப் பாருங்கள்.

பொட்டலத்தில் பொத்தான் மாதிரி ஒரு சின்ன வால்வு இருக்கும், வாயு வெளியேற. நாங்கள் சுல்தான் பத்தேரியிலிருந்து பாட்டவயல் வழியாகக் கூடலூர் பஸ்ஸில் திரும்பினோம். அப்பா அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்து மெல்ல அமுக்கி அமுக்கி முகர்ந்துகொண்டே வந்தார். செக்போஸ்ட் தாண்டியதும், "இந்த வருசம் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பத்துச் செடியில பழத்த மட்டும் தனியாப் பறிப்போம்மா" என்றார்.