கதம்பை ஊறிய நீரில் நொதி சுரக்கும் பாக்டீரியாவைக் கண்டறியும் முறை

பழையாறு கடலோடு சேரும் மணக்குடிக் காயல் பகுதியில், தேங்காய்க் கதம்பையை உவர்நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து நார் பிரிப்பது நெடுங்கால வழக்கம். நார்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைச் சிதைப்பவை நீரில் வாழும் பாக்டீரியாக்கள். பெக்டின் மிகப் பெரிய மூலக்கூறு என்பதால் அது செல்லுக்குள் நுழைவதில்லை. நொதிதான் வெளியே வந்தாக வேண்டும். அந்த நொதியும் தானாகச் சவ்வைக் கடக்க இயலாத புரதமே.

ஊறல் நீரைக் கிருமிநீக்கிய குப்பியில் எடுத்து, பனிப்பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேர்க்க வேண்டும். படிப்படியாக நீர்த்து, 0.5 சதவீதம் பெக்டினும் ஒரு சதவீதம் உப்பும் கொண்ட அகார் தட்டில் பரப்பி, 30 டிகிரி செல்சியஸில் இரண்டு நாள் வளரவிடலாம். சிதையாத பெக்டினுக்கு நிறமேற்ற ஊற்றும் அயோடின் கரைசல் பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்பதால், அதற்கு முன் ஒவ்வொரு திட்டையும் (ஓரிடத்தில் பெருகிய பாக்டீரியாக் கூட்டத்தையும்) வேறொரு தட்டில் நகலெடுத்து வைப்பது அவசியம். நிறமேறிய பரப்பில் வெளிறிய வளையம் சூழ்ந்த திட்டுகளே நமக்கு வேண்டியவை.

வளையத்தைக் கண்டதும் சுரப்பு நிகழ்ந்துவிட்டதாக முடிவுகட்டுவது பரவலான அவசரம். செத்துச் சிதைந்த செல்களிலிருந்து கசிந்த நொதியும் அதே வளையத்தைத் தரும். எனவே நீர்ம ஊடகத்தில் வளர்த்து, வளர்ச்சி உச்சம் தொடுமுன் மைய விலக்கியில் சுழற்றி, செல்கள் அடியில் படிந்தபின் தெளியும் மேல்நீரில் பெக்டினேஸை (பெக்டினைச் சிதைக்கும் நொதியை) மட்டுமன்றி, செல்லுக்குள்ளேயே தங்கும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியையும் (340 நானோமீட்டர் ஒளியின் உறிஞ்சல் மூலம்) அளக்க வேண்டும். பின்னது மேல்நீரில் கணிசமாகத் தென்பட்டால் அது சுரப்பன்று, சிதைவு.

அடுத்து, 3 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் திட்டைக் குழைத்துப் பார்க்கலாம். இழையாக நீண்டால் பெரும்பாலும் இரு சவ்வுகள் கொண்ட கிராம் எதிர் வகை; நீளாவிட்டால் ஒரே சவ்வுள்ள கிராம் நேர் வகை. நொதி வரும் வழி இதைப் பொறுத்தது. இரு வகையிலும் பல நொதிகள், முனையில் ஏறத்தாழ 20 முதல் 30 அமினோ அமிலம் கொண்ட, சவ்வுக்கு வழிகாட்டும் குறிப்புத் தொடருடன் உருவாகின்றன. செக்-ஏ என்னும் புரதம் ஏடிபி என்னும் செல்லின் ஆற்றல் மூலக்கூறைச் செலவிட்டு, மடிப்புறாத அந்தச் சங்கிலியைச் சவ்விலுள்ள செக்-ஒய்இஜி வாயில் வழியே செலுத்துகிறது; பிறகு குறிப்புத் தொடர் வெட்டப்படுகிறது. பேசில்லஸ் போன்ற கிராம் நேர் வகையில், சவ்வின் வெளிப்புறத்தில் நிற்கும் பிஆர்எஸ்-ஏ புரதம் சில நொதிகள் சரியாக மடிய உதவுகிறது. கிராம் எதிர் வகையில் இன்னொரு சவ்வு எஞ்சியிருக்கிறது. இரு சவ்வுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் மடிந்து முடிந்த நொதியை, டிக்கியா போன்ற பெக்டின் சிதைக்கும் இனங்களில், இரண்டாம் வகைச் சுரப்பு அமைப்பு வெளியேற்றுகிறது: வெளிச் சவ்வில் வளையமாக அமைந்த புரதமே வாசல், உட்சவ்வில் ஊன்றி எழும் போலி இழை, தள்ளுகோல் போல நொதியை உந்துவதாகக் கருதப்படுகிறது.

நொதி இந்த வாயில் வழியே வருகிறதா என அறிய, செக்-ஏவைத் தடுக்கச் சோடியம் அசைடு சேர்க்கும் சோதனையும் உண்டு. ஆனால் அது கொடிய நஞ்சு. செல்லின் சுவாசத்தையும் முடக்குவதால் முடிவு குழம்பும். கல்லூரி ஆய்வகத்தில் அதைத் தவிர்ப்பதே நன்று.

கிராம் எதிர் வகையானால், செல்களை 20 சதவீதச் சர்க்கரையும், வெளிச் சவ்வைத் தளர்த்தும் இடிடிஏ என்னும் வேதிப்பொருளும் கலந்த கரைசலில் வைத்து, உடனே குளிர்நீருக்கு மாற்றினால் இடைவெளிப் புரதங்கள் தனியே வெளிவரும். மேல்நீர், இடைவெளி, செல்லின் உட்பகுதி என மூன்றிலும் நொதியை அளந்து ஒப்பிட வேண்டும். உட்பகுதியில் தேங்கினால் உட்சவ்வு வாயிலையும், இடைவெளியில் தேங்கினால் வெளிச் சவ்வு அமைப்பையும் ஐயுறலாம். பெக்டினேஸ் மரபணுவை ஆய்வக ஈ. கோலையில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் காண்பது இரண்டாவது நிலையையே.